ராணிகள் எனப்பட்டவர்கள்

போர்த்துகீசியர் வழியே கடல் கடந்து வந்த ஒரு காய்க்கு, ஏற்கெனவே நாம் அறிந்த மிளகின் பெயரைக் கொடுத்து மிளகாய் என்றோம். மெக்சிகோவில் நாவாட்ல் மொழியினர் அதைச் சில்லி என்றனர். பின்னர் அதுவே ஓர் உணவின் பெயராயிற்று: சில்லி கான் கார்னே, அதாவது இறைச்சியோடு சேர்ந்த மிளகாய். இன்று அமெரிக்க வீடுகளில் குளிர்கால இரவுகளின் ஆறுதல் உணவு இது. ஆறுதல் பெறுபவர் உட்கார்ந்திருக்கிறார். அதைச் சமைப்பவர் எங்கே நின்றார் என்பதுதான் என் கேள்வி.

டெக்சஸின் சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் நின்றார் என்கிறது வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சில்லி விற்ற பெண்களைச் 'சில்லி ராணிகள்' என்றார்கள். பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளியினர். டெக்சஸ் 1836இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்தது; 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. வீட்டைவிட்டு நகராமலேயே அந்நியராக்கப்பட்ட குடும்பங்கள் பல.

பகலில் வீட்டில் சமைப்பார்கள். விலை குறைந்த இறைச்சியைப் பொடியாக நறுக்கி, மிளகாய்வற்றல், சீரகம், பூண்டு சேர்த்து நெடுநேரம் வேகவைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் பாத்திரங்களை வண்டியிலேற்றிச் சதுக்கத்துக்கு வருவார்கள். நம் சீமைக்கருவேலத்தின் உறவு மரமான மெஸ்கீட்டை மூட்டிச் சூடு ஆறாமல் வைத்திருப்பார்கள். மேசைமேல் வண்ண விளக்கு. பத்து சென்ட் கொடுத்தால் ஒரு தட்டுச் சாப்பாடு. படைவீரர், மாடு ஓட்டிகள், சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் அந்த நீள்பலகைகளில் அருகருகே அமர்ந்தார்கள்.

ராணி என்ற பட்டத்தோடு அதிகாரம் எதுவும் வரவில்லை. 1880களின் இறுதியில் ராணுவச் சதுக்கத்தில் நகரமன்றக் கட்டடம் எழத் தொடங்கியபோது, ராணிகள் வேறு சதுக்கங்களுக்கு இடம்பெயர வேண்டியிருந்தது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ சில்லிக் கடை வைக்கப்பட்டு உணவு புகழ்பெற்றது. அதே பத்தாண்டில் டெக்சஸில் உணவகம் நடத்திய ஜெர்மானியக் குடியேறி வில்லியம் கெப்ஹார்ட், மிளகாய்ப்பொடிக் கலவையை விற்பனைப் பொருளாக்கினார். பெண்களின் கைப்பக்குவம் புட்டிக்குள் அடைபட்டது. புட்டியின்மேல் அவர் பெயர் இருந்தது.

உணவகங்களுக்கான சுகாதார விதிகளை 1937இல் நகரம் தெருக்கடைகளுக்கும் விதித்தது. சதுக்கத்தில் குழாய் இல்லை, கழிவுநீர் வசதியில்லை. அவற்றை அமைத்துத் தருவதைவிடப் பெண்களை அகற்றுவது எளிதாயிருந்தது. 1939இல் மேயர் மோரி மேவரிக் அவர்களை மீண்டும் அழைத்தார். ஆனால் 1940களின் தொடக்கத்தில் கடைகள் மறைந்தேபோயின.

கதை அங்கே முடியவில்லை. 1967இல் டெர்லிங்குவா என்ற பாழூரில், யார் சில்லி சிறந்தது என்று இரண்டு ஆண்கள் போட்டியிட்டார்கள். அதில் ஒருவரான எச். ஆலன் ஸ்மித், சில்லியைப் பற்றித் தன்னைவிட அறிந்தவர் எவருமில்லை என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதியிருந்தார்! அந்தப் போட்டி ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1974இல்தான் ஒரு பெண், ஆலகானி ஜானி ஸ்கோஃபீல்ட், அங்கே வென்றார். பெண் வீட்டில் சமைத்தால் அன்பு, தெருவில் விற்றால் அசுத்தம், ஆண் மேடையேறிக் கிண்டினால் கலை. இந்த மூன்று பெயர்களும் ஒரே அடுப்புக்குத்தான்.

நானும் சில்லி செய்வதுண்டு. ராஜ்மாவை இரவே ஊறவைத்து, காம்பு கிள்ளிய வற்றலை வெந்நீரில் போட்டு அரைத்து, வெங்காயம் பொன்னிறமாகும்வரை பொறுத்திருந்து செய்வேன். பயறு சேர்த்தால் அது சில்லியே அல்ல என்பார்கள் டெக்சஸ்காரர்கள். ராணிகளின் தட்டில் பக்கத்திலேயே பயறும் இருந்தது என்பதால் எனக்கு அந்தச் சட்டம் பொருட்டில்லை. செய்து முடிக்க மூன்று மணிநேரம். உண்பவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். அந்த மூன்று மணிநேரத்துக்குக் காசு கேட்டு, முகம் தெரிய, பொதுவெளியில் நின்றதுதான் அந்தப் பெண்கள் செய்த பெரிய காரியம்.

1977இல் டெக்சஸ் சட்டமன்றம் சில்லியை மாநில உணவாக அறிவித்தது. சமைத்தவர்களைச் சதுக்கத்திலிருந்து அகற்றி அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.