செந்நிறக்கீழ்க் கதிரும் திரைப்படமும்

செந்நிறத்திற்கு அப்பாலும் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் உள என்பதை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் வெப்பமானியின் துணைகொண்டு நிறுவினார். அக்கதிர்களாற் பிடித்த நிழற்படங்களை 1910இல் வெளியிட்டவர் அமெரிக்கப் பௌதிகவியலாளரான ரொபேட் வூட் ஆவர். அப்படங்களில் நண்பகல் வானம் கரியதாகவும், மரங்கள் பனி மூடினாற்போல வெண்மையாகவும் தோன்றின. இலையின் பச்சையம் இக்கதிர்களை உட்கொள்வதில்லை; இலையின் உட்கலங்கள் அவற்றைச் சிதறச்செய்து திருப்பிவிடுகின்றன. நீலவானத்திலோ இக்கதிர்கள் மிக அருகியே உள.

இவ்வியல்பு படைத்துறையினர்க்குப் பெரிதும் பயன்பட்டது. பச்சை வண்ணம் பூசி மறைத்த பீரங்கி கருமையாயும், மெய்யான இலை வெண்மையாயும் தெரியுமன்றோ! திரைப்படத்தாரோ இதனை மறுதலையாகப் பொய்த்தோற்றத்துக்கே கையாண்டனர். செவ்வடிகட்டியோடு இச்சுருளைப் பயன்படுத்தின் பகல்வானம் இருண்டு இரவாகும். ஆயினும் வெளுத்த இலைகளும் வெளிறிய முகங்களும் அப்பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குறையெனக் கருதப்பட்ட அவ்வெண்மையையே அணியாகக் கொண்டது 1964இல் வெளிவந்த ‘நான் கியூபா’ என்னும் சோவியத்து-கியூபாக் கூட்டுப்படம். இயக்குநர் மிகயில் கலத்தோசொவ். ஒளிப்பதிவாளர் சேர்கேய் உருசெவ்ஸ்கி. 1958இற் கான் விழாவிலே தலைப்பரிசு பெற்ற ‘கொக்குகள் பறக்கின்றன’ இவ்விருவரின் முந்திய ஆக்கமாம். கியூபாப் படத்துக்கான சுருள் சோவியத்துப் படைத்துறையினரிடமிருந்து பெறப்பட்டதென்பர். படத்தின் தொடக்கத்திற் கரிய வானின்கீழ் வெள்ளி இறகுகள்போலப் பனைகள் அசைகின்றன. தான் பயிரிட்ட நிலம் அந்நியக் கம்பனிக்கு விற்கப்பட்டதைக் கேட்ட முதியவன் தன் கரும்புக்குத் தானே தீயிடுகிறான்; அக்கரும்பும் ஒளிவெண்மையாகவே நிற்கிறது.

ஹவானாவிலே படம் வரவேற்கப்படவில்லை. இது தம் நாடன்று, பிறர் கண்ட கனவு என்றனர் அந்நாட்டார். கறுப்புவெள்ளைப் படத்திற் பச்சையை எதிர்பார்ப்பது எங்ஙனம் என்று இதனைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. கரும்பு வெட்டிக் கைகாய்த்தவனுக்கு அப்பயிர் உழைப்பும் கடனுமாகும். படத்திலோ அது தேவலோகப் பயிராகிவிட்டது. புரட்சிக்கு முந்திய கியூபாவின் சான்றாக இப்படத்தைக் கொள்ளும் வரலாற்று மாணவன் இடர்ப்படுவான். 1959இன் புரட்சியைச் சோவியத்துக் கலைஞர் எத்துணை வியப்போடு நோக்கினர் என்பதற்கோ இதனினுஞ் சிறந்த சான்று அரிது. அவ்வியப்பை மொஸ்கோவும் விரும்பவில்லை. ஏறத்தாழ முப்பதாண்டுகள் பெட்டியிற் கிடந்த படத்தை 1995இல் மீண்டும் வெளிக்கொணரத் துணைநின்றோர், கியூபாவோடு பகைமை பூண்ட அமெரிக்காவின் இயக்குநர்களான ஸ்கோர்செசியும் கொப்போலாவுமே.