இல்லத்து ஏடுகளும் திருக்கோயில் வரலாறும்

கல்லிற் பொறித்த சாசனம் கோயிலைச் சார்ந்து நிற்பது. ஓலையில் எழுதிய வரலாறு குடிகளைச் சார்ந்து வாழ்வது. முன்னது மழைக்கும் வெயிலுக்கும் எளிதில் அழியாது. பின்னதோ காப்பார் இல்வழிக் கறையானுக்கு இரையாகும். தில்லையில் திருக்காப்பிட்ட அறையுள் தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்தமையையும், எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பிகளும் சோழ மன்னரும் மீட்டமையையும் திருமுறைகண்ட புராணம் கூறும். அழிந்தன அழிந்தனவே, எஞ்சியவற்றையே சைவவுலகம் இன்று ஓதி உய்கின்றது.

வேப்பம்பட்டைத் தன்னகத்தே கொண்ட தொண்டை நாட்டின் பழஞ்செய்திகள் பலவும் இவ்வாறே குருக்கள், கணக்கர், புலவர் ஆகியோர் இல்லங்களில் முடங்கிக் கிடந்தன. அவற்றைத் தேடியவர் கர்னல் காலின் மெக்கன்சி (1754–1821). ஸ்காட்லாந்திற் பிறந்து, கும்பினியாரின் நில அளவைப் பணியில் அமர்ந்து, 1815-இல் இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக உயர்ந்தவர் அவர். காவலி வெங்கட போரையா, அவர்தம் தம்பி இலக்குமையா முதலிய நம் நாட்டறிஞரே அவருக்குக் கண்ணும் நாவுமாயினர். அவர்கள் ஊர்தோறும் சென்று, ஏடுகளைப் பெற்றும், பெறவியலாதவற்றைப் படியெடுத்தும், முதியோர் கூறியவற்றை எழுதியும் தொகுத்தனர்.

மெக்கன்சி மறைந்தபின், இத்தொகுதியைக் கும்பினியார் இலட்சம் ரூபாய்க்கு விலைகொண்டனர். 1828-இல் வில்சன் என்னும் அறிஞர் வெளியிட்ட பட்டியலில் 1,568 சுவடிகளும், 2,070 ஊர்வரலாறுகளும், 8,076 சாசனப் படிகளும் காணப்படுகின்றன. தென்மொழிச் சுவடிகள் சென்னைக்கு மீண்டன. 1869-இல் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அவை இடம்பெற்றன. அந்நூலகம் 1939 முதல் சேப்பாக்கத்துச் சென்னைப் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் நெடுங்காலம் இயங்கிப் பின்னர்க் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்கு இடம்பெயர்ந்தது.

இச்சுவடிகளால் விளைந்த பயன் யாது? குறும்பர் புழலிற் கோட்டை கட்டி ஆண்டமையும், ஆதொண்டைச் சக்கரவர்த்தி அவரை வென்றமையும் அவற்றிற் கூறப்படுகின்றன. வேப்பம்பட்டுக்குக் கிழக்கே திருமுல்லைவாயிலில், தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி பிணித்தது என்றும், குறும்பர் கோட்டையினின்று கொணர்ந்த எருக்கந்தூண்களே மாசிலாமணீசர் சந்நிதியில் நிற்கின்றன என்றும் தலவரலாறு வழங்குகின்றது. ஏடும் கோயிலும் ஒன்றற்கொன்று சான்றாய் நிற்கும் அழகு இது. ஏட்டிலுள்ள யாவற்றையும் ஆய்வாளர் அவ்வாறே கொள்ளார். எனினும் ஊரார் தம் ஊரைப்பற்றி நினைந்தவை ஏடின்றேல் அறவே மறைந்திருக்கும்.

பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கத்தால் அழிந்தவை பல. இன்றும் பரண்மேல் கட்டளைச் சாசனங்களும், திருவிழாக் கணக்குகளும், பதிக ஏடுகளும் கேட்பாரற்றுக் கிடத்தல் கூடும். 1981-இல் நிறுவப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறையைக் கொண்டுள்ளது. அத்தகைய இடத்தில் மூல ஏட்டை ஒப்புவித்து, அதன் படியைத் திருக்கோயிலில் வைத்தல் அறங்களுள் ஒன்றாம். விமானத்திற்குப் பொன்னளித்த கைகள் ஏட்டிற்கும் காவலளிப்பின், இன்று குடமுழுக்குக் காணும் திருக்கோயிலின் வரலாறு நாளைய தலைமுறைக்கும் நின்று பயன்தரும்.

திருச்சிற்றம்பலம்.