உரிமம் போன பிறகு: முதியோர் இல்லங்களும் சட்டத்தில் ஒரு விடுபாடும்

விக்கிரவாண்டியை அடுத்த குண்டலப்புலியூர், 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த ஊர். அங்கிருந்த அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் நுழையக் காரணமாக இருந்தவர் ஒரு முதியவர். பார்க்க வந்தவர்களிடம், அவரைப் பெங்களூரில் வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே விசாரித்தால் அங்கும் ஆள் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே விவகாரம் வெளியே வந்தது. உரிய பதிவு இல்லை, பாலியல் கொடுமை நடந்தது எனக் குற்றச்சாட்டுகள் எழுந்து, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 140-க்கும் மேற்பட்டோர் அரசு மருத்துவமனைக்கும் வேறு இல்லங்களுக்குமாகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள்.

செய்தி பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆய்வுக்குரிய கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. இல்லத்தைப் பூட்ட அரசுக்கு அதிகாரம் உண்டு. பூட்டிய அன்று இரவு, உள்ளே இருந்தவருக்குச் சோறும் மாத்திரையும் கொடுக்கும் கடமை யாருக்கு?

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 41-ஆம் பிரிவின்படி ஓர் இல்லத்தின் பதிவு ரத்தானால், பதிவு மீண்டும் கிடைக்கும்வரை மாநில அரசே அந்த இல்லத்தை நடத்த வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டமும், பதிவு ரத்தாகும் நாளில் அங்கிருப்பவரைக் குடும்பத்திடமோ வேறு நிறுவனத்திடமோ ஒப்படைக்க வழி சொல்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டினால், மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம், குறைந்தது 150 பேருக்கு இடம், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் என்றெல்லாம் இருக்கிறது. மூடப்படும் இல்லத்து முதியவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் அரசு, எண்பது வயதுக்காரர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறது போலும்.

இந்த விடுபாடு உயிர்ப் பிரச்சினை. 2018-இல் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில், சாகும் தறுவாயில் இருப்போரைப் பராமரித்த ஒரு கருணை இல்லம் சர்ச்சையில் சிக்கியபோது, சுமார் 300 பேர் குறுகிய காலத்தில் பல ஊர்களுக்கு இடம் மாற்றப்பட்டார்கள். சில நாட்களிலேயே அவர்களில் சிலர் இறந்ததாகச் செய்தி வந்தது. ஏற்கெனவே நலிந்தவர்கள் ஆதலால், பயணம்தான் கொன்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஜப்பானில் ஆய்வுக் கணக்கே இருக்கிறது. 2011 புகுஷிமா அணு உலை விபத்தையடுத்து மினாமிசோமா நகர முதியோர் இல்லங்களிலிருந்து அவசரமாக வெளியேற்றப்பட்டவர்களின் இறப்பு விகிதம், முந்தைய ஆண்டுகளைவிட 2.7 மடங்காக உயர்ந்தது. அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறொன்று: எல்லா இல்லங்களிலும் சேதம் ஒரே அளவில் இல்லை. எப்படிக் கூட்டிச் சென்றார்கள், போன இடத்தில் எப்படிக் கவனித்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறியது. இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி தன் முதியோர் இல்லங்களைத் திட்டமிட்டு, நிதானமாக மூடியபோது பெரும்பாலோரின் நிலை மோசமாகவில்லை என்ற ஆய்வு முடிவும் இதோடு பொருந்துகிறது.

திட்டமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியா சாட்சி. 2013-இல் காஸ்ட்ரோ வேலி என்ற ஊரில் ஓர் இல்லத்தின் உரிமத்தை மாநில அரசு நிறுத்திவைத்தது. சம்பளம் வராது என்றதும் ஊழியர்கள் கிளம்பிவிட்டார்கள். பத்துக்கும் மேற்பட்ட முதியவர்களை விட்டுப் போக மனமில்லாமல் சமையல்காரரும் துப்புரவுப் பணியாளரும் மட்டும் நாள்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். மறுஆண்டே அம்மாநிலம் சட்டத்தைத் திருத்தியது.

அதே பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த கடலூர் மாவட்டத்தில் இப்படி ஒன்று நடந்தால்? அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. மஞ்சக்குப்பத்தில் ஆட்சியரகம், அதில் மாவட்ட சமூகநல அலுவலர். சிதம்பரத்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கோட்ட அளவில் தீர்ப்பாயம், அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சுனாமியும் தானே புயலும் 2015 வெள்ளமும் கண்ட மாவட்டம். ஆட்களை இரவோடு இரவாக மேட்டுக்குக் கொண்டுபோகத் தெரியும். ஆனால் புயல் ஓய்ந்தால் மக்கள் வீடு திரும்புவார்கள். இல்லத்து முதியவருக்குத் திரும்ப வீடில்லை. சிதம்பரத்தில் இருந்தவரைச் சாமான் மூட்டையோடு விருத்தாசலத்தில் இறக்கிவிட்டால் அவருடைய முதியோர் உதவித்தொகையான ஓஏபி பணம் 1,200 ரூபாய் எங்கே போய்ச் சேரும்? ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் பழைய நிர்வாகியின் பீரோவில், சீல் வைத்த அறைக்குள் கிடக்கும். சர்க்கரைக்கு எந்த மாத்திரை, எந்த வேளைக்கு என்பது அங்கிருந்த ஆயாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும். கண்ணாடியும் பல்செட்டும் தலையணைக்கு அடியிலேயே தங்கிவிடும்.

கொடுமை நடந்த இடத்தில் ஒரு நாள்கூட வைத்திருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வெளியேற வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்ட நிர்வாகிதான், கட்டிலில் கிடப்பவர் அல்ல. கட்டடம் இடியும் நிலையில் இருந்தாலொழிய, சாவி கோட்டாட்சியரிடம் வரட்டும். புகாருக்கு ஆளாகாத ஊழியர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்து ஒரு மாதமாவது வைத்திருக்கட்டும். அதற்குள் ஒவ்வொருவருக்கும் மருத்துவக் குறிப்பு எழுதி, உறவைத் தேடி, எங்கே போக விருப்பம் என்று அவரிடமே கேட்டு அனுப்பலாம். பழகிய ஊழியர் ஒருவர் கூடப் போய்ச் சில நாள் தங்குவது மிக முக்கியம். குண்டலப்புலியூர் முதியவரைத் தேடி அலைந்தது நினைவிருந்தால், யார் எங்கே போனார் என்ற பதிவேடு தீர்ப்பாயத்தின் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முதியோர் இல்லங்களுக்குக் கட்டாயப் பதிவு கொண்டுவர 2019 டிசம்பரில் மக்களவையில் வந்த திருத்த மசோதா, நிறைவேறாமலே 17-ஆவது மக்களவையோடு காலாவதியானது. ஆயினும் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, முதியோர் இல்லங்களை நிர்வகிக்கும் திட்டத்தையும் தரத்தையும் வகுக்க மாநில அரசுக்கே அதிகாரம் தந்திருக்கிறது. தமிழ்நாடு 2009-இல் தன் விதிகளை வகுத்துவிட்டது. சிறார் நீதிச் சட்டத்தில் இருப்பது போன்ற ஒரு பிரிவை அவற்றில் சேர்க்கத் தமிழக அரசு டெல்லியை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.