காம்புக்கும் சேர்த்து எடை: கஞ்சா உதிரியின் கதை

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு இது: "அமெரிக்காவில் இருக்கிற நண்பன் 'ஷேக்' வாங்கினேன், விலை கம்மின்னு சொல்றான். மில்க் ஷேக்கான்னு கேட்டேன், சிரிக்கிறான். அது என்ன?"

மில்க் ஷேக் இல்லை. கஞ்சா விற்பது சட்டப்படி செல்லும் அமெரிக்க மாநிலங்களில், கடையில் முழுப் பூக்களைக் கண்ணாடி ஜாடியில் வைத்து விற்பார்கள். எடுக்க எடுக்க, ஜாடியின் அடியில் உடைந்த பூவும் துண்டு இலையும் தூளுமாகக் கொஞ்சம் சேரும். அதுதான் ஷேக். நான் இதை 'உதிரி' என்றே சொல்லப் போகிறேன். மளிகைக் கடையில் முழு முந்திரிக்கு ஒரு விலை, உடைச்ச முந்திரிக்கு ஒரு விலை இருக்கு இல்லையா? பாயசத்தில் போட உடைச்சதே போதும்னு அம்மா வாங்குவாங்க. அதே கணக்குதான். உதிரி சீக்கிரம் காய்ந்துவிடும், எந்த ரகம் எவ்வளவு கலந்திருக்குன்னு தெரியாது, பார்க்கவும் அழகா இருக்காது. அதனால் மலிவு.

இது அமெரிக்க ஆட்கள் கண்டுபிடிச்ச விஷயம்னு நினைச்சா, இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் இதே உதிரிக்குத் தனிப் பெயர், தனி ரகம், தனி வரி எல்லாமே இருந்தது. பெயர் 'சூர்'. நம்ம சித்த வைத்தியக் கடையில் கேட்கிற 'சூரணம்' என்ற சொல்லுக்கு உறவுக்காரச் சொல். நான் இதைப் படிச்சுட்டு நின்னது ஒரே ஒரு இடத்தில்தான். அமெரிக்காவில் உதிரிதான் மலிவு. வங்காளத்தில் அதற்குத்தான் மற்ற எல்லா ரகத்தையும் விட அதிக வரி.

ஏன்?

அதுக்கு நாம நௌகாவ் போகணும். இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கு, அன்றைக்கு ராஜ்ஷாஹி பக்கம். இந்த வட்டாரத்தையே 'கஞ்சா மகால்' என்று அழைத்தார்கள். அரசு லைசென்ஸ் வாங்கினவர்கள் மட்டும் பயிரிடலாம். 1877-ல் ஹேம் சந்தர் கெர் என்ற அதிகாரி அரசுக்காக இந்தத் தொழிலைப் பற்றி ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். அந்தக் காலத்து சர்க்கார் அறிக்கைகளில் இவ்வளவு பொறுமையாக ஒரு பயிரைக் கவனித்து எழுதியது குறைவு.

கஞ்சாவில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. ஆண் செடியின் மகரந்தம் பட்டால் பெண் செடி விதை பிடிக்கும், பிசின் குறையும், சரக்கு கெடும். அதனால் பூக்கிறதுக்கு முன்னாலேயே ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்கணும். விவசாயிகள் இதற்கென்றே கைதேர்ந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள். ஆங்கில ஆவணங்களில் அவருக்குப் பெயர் 'கஞ்சா டாக்டர்'. நான் உண்மையிலேயே ரெண்டு தடவை படிச்சேன், தப்பாப் படிச்சிட்டேனோன்னு.

அறுவடைக்குப் பிறகு பூங்கொத்துகளைப் பாயில் பரப்பி காலால் மிதித்து அழுத்தினால் 'சப்பைக் கஞ்சா'. உருட்டி எடுத்தால் 'உருண்டைக் கஞ்சா'. இந்த மிதியிலும் உருட்டலிலும் காம்பை விட்டு உதிர்ந்து பாயில் விழுந்தது சூர். ஜாடி அடியில் சேர்கிற அதே சமாச்சாரம், மிதிபட்டு வந்தது.

இப்போ வரிக்கு வருவோம். சர்க்கார் எடைக்கு வரி போட்டது, சேருக்கு இவ்வளவு என்று. ஆனால் சப்பைக் கஞ்சா எடையில் கணிசமான பகுதி காம்பு. காம்பை யாரும் புகைக்க முடியாது. கீரைக் கட்டை நினைச்சுக்கோங்க. மார்க்கெட்டில் முருங்கைக்கீரை கட்டு வாங்கினால் பாதி குச்சி. சூப்பர் மார்க்கெட்டில் ஆய்ந்து வைத்த கீரை பாக்கெட் அதே எடைக்கு விலை அதிகம், ஏன்னா அதில் குச்சி இல்லை. வங்காள அரசு அதே கணக்கைத்தான் போட்டது. பெரிய குச்சியோடு இருக்கும் சப்பைக்குக் குறைந்த வரி, சின்னக் குச்சி இருந்தால் கொஞ்சம் கூட, உருண்டைக்கு இன்னும் கூட, காம்பே இல்லாத சூருக்கு எல்லாத்துக்கும் மேலே.

அமெரிக்கக் கடைக்காரர் உதிரியை மிச்சமாகப் பார்க்கிறார். வங்காளத்து வரி அதிகாரி அதே உதிரியைக் கழிவே இல்லாத சரக்காகப் பார்த்தார். காம்பின் எடையை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி இது. அந்தக் கேள்வி இன்னும் முடியலை, கடைசியில் வரேன்.

இந்த வரியை யார் கட்டினார்கள்? சில்லறைக் கடை லைசென்ஸை அரசு ஏலம் விட்டது. ஏலத் தொகையும் வரியும் சேர்ந்து போய் நின்றது சின்னச் சின்ன அளவில் வாங்கிய கூலித் தொழிலாளி, வண்டிக்காரன், சாமியார் தலையில். கஞ்சா புகைத்தவர்களில் பெரும்பாலும் ஏழைகள். இலையை அரைத்துப் பாலில் கலந்து குடிக்கிற பாங்கை வீட்டுக்குள்ளேயும், வசதியான குடும்பங்களிலும், சிவராத்திரி போன்ற நாட்களிலும் குடித்தார்கள். பூவுக்குக் கடுமையான வரி, இலைக்கு லேசான வரி. இந்த வித்தியாசத்துக்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. இமயமலை அடிவாரத்தில் செடி காட்டில் தானாக முளைக்கிறது. வேலியோரத்தில் முளைக்கிற இலைக்கு எந்த அதிகாரி போய் வரி வசூலிப்பார்?

இதற்கு நடுவில் லண்டனில் சத்தம் கிளம்பியது. மது ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்த எம்.பி. வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கெய்ன் 1893-ல் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். கஞ்சா இந்தியர்களைக் கெடுக்கிறது, பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளை நிரப்புகிறது, அரசு அதில் வரி வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. பதிலுக்கு இந்திய அரசு ஒரு கமிஷன் அமைத்தது. தலைவர் மேக்வொர்த் யங். மொத்தம் ஏழு உறுப்பினர்கள், அதில் மூன்று பேர் இந்தியர்கள். 1893 ஆகஸ்டில் கல்கத்தாவில் கூடி, ஊர் ஊராகப் போய், 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். அறிக்கை 3,000 பக்கத்தைத் தாண்டியது. சென்னை மாகாணத்தையும் விடவில்லை. வட ஆற்காட்டு ஜவ்வாது மலையில் பயிர் நடந்ததை அதில் பார்க்கலாம். தெற்கே மக்கள் இலை, பூ என்று பெரிசாகப் பிரித்துப் பேசவில்லை என்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த அறிக்கையில் எனக்குப் பிடித்த பகுதி ஆஸ்பத்திரிக் கணக்கு. 1892-ல் மனநல விடுதிகளில் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா, பாங், சரஸ் என்று பதிவேட்டில் இருந்தது. கமிஷன் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஊருக்கு ஆள் அனுப்பி, குடும்பத்தாரிடம் விசாரித்தது. முடிவில் 98 பேரைத்தான் ஏற்றுக்கொள்ள முடிந்தது. அதிலும் கஞ்சா வகை மட்டுமே காரணம் என்று சொல்ல முடிந்தது 61 பேரை.

மீதிப் பேர் எப்படிப் பதிவேட்டில் ஏறினார்கள்? சாலையில் பிதற்றிக்கொண்டு போகிற ஒருவரைப் போலீஸ் பிடித்து வருகிறது. விடுதிப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. கட்டத்தைக் காலியாக விட முடியாது. கஞ்சா குடிப்பான் என்று யாராவது சொன்னால் போதும், அதுவே காரணமாகிவிடும். ஏழையாக, தனியாக, பேச ஆள் இல்லாமல் பிடிபட்டவனுக்குத்தான் அந்தக் கட்டம் இப்படி நிரம்பியது. வீட்டு முற்றத்தில் பாங் குடித்தவரை யாரும் விடுதிக்கு இழுத்து வரவில்லை.

கமிஷன் சொன்ன முடிவு இதுதான்: மிதமாகப் பயன்படுத்துகிறவர்களே அதிகம், அவர்களுக்குப் பெரிய தீங்கு தெரியவில்லை. அளவு மீறினால் கேடு. முழுத் தடை தேவையில்லை, தடை செய்தால் ஜனங்கள் சாராயம், ஊமத்தை என்று இன்னும் மோசமானதுக்குப் போகலாம். வரி, லைசென்ஸ், கடை எண்ணிக்கைக் கட்டுப்பாடு போதும். இதை மனிதநேயம் என்று மட்டும் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வரி வருமானம் தொடர்ந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்கணும். ஒரு விஷயம் சேர்க்கிறேன்: 1890-களின் செடியையும், அப்போது இருந்த மருத்துவ அறிவையும் வைத்து எழுதியது அது. இன்றைக்கு 'கமிஷனே சொல்லிடுச்சு, ஒண்ணும் ஆகாது' என்று காட்டுவதற்கான சான்றிதழ் இல்லை.

அடுத்த அத்தியாயம் வேகமாகப் போகலாம். 1925 ஜெனீவா ஒப்பந்தத்தில், எகிப்தின் வற்புறுத்தலால், கஞ்சா சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆனால் அதில் வரையறுத்தது பெண் செடியின் பூ நுனிகளை. 1961-ல் வந்த ஐ.நா. ஒப்பந்தமும், பூ நுனி சேராத இலையையும் விதையையும் வரையறைக்கு வெளியே வைத்தது. இந்தியா 1985-ல் போதைப் பொருள் சட்டம் கொண்டுவந்தபோது கிட்டத்தட்ட அதே வாசகத்தை எடுத்துக்கொண்டது. அதனால்தான் ஜெய்சால்மரில் அரசு அனுமதி பெற்ற பாங் கடையைப் படம் எடுத்து ரீல்ஸ் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி லைசென்ஸ் கடை கிடையாது. செடி வளர்ப்பதும் குற்றம்தான். 'இலைதானே மச்சி, சட்டத்துல வராது' என்று யாராவது சொன்னால் நம்பிடாதீங்க.

ஏன்னா சட்டத்தின் வாசகத்தில் ஒரு கொக்கி இருக்கு. இலையும் விதையும் பூ நுனியோடு சேர்ந்து வராமல் இருந்தால்தான் விலக்கு. சேர்ந்து வந்தால்? உதிரியில் இலை இருக்கும், பூ இருக்கும், விதை இருக்கும், எல்லாம் கலந்துதான் இருக்கும். பிரிக்கவே முடியாதபடி கலந்த சரக்குக்குத்தான் பெயர் உதிரி.

இங்கேதான் காம்பு திரும்ப வருது. இன்றைய சட்டத்தில் தண்டனையும் எடையில்தான் நிற்கிறது. கஞ்சா 1 கிலோ வரை 'சிறிய அளவு', அதிகபட்சம் ஒரு வருடம் சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு', குறைந்தபட்சமே 10 வருடம், ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். இப்போ ஒரு மூட்டை பிடிபடுகிறது, தராசு 21 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. அதற்குள் பூ, இலை, விதை, குச்சி எல்லாம் இருக்கு. மொத்தமாக எடை போட்டால் ஒரு கணக்கு. பிரித்துப் பூ நுனியை மட்டும் போட்டால் வேறு கணக்கு. 2020-ல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போதைப் பொருளோடு வேறு பொருள் கலந்திருந்தால் மொத்த எடையையும் எடுத்துக்கொள்ளணும் என்று சொன்னது. ஆனாலும் கஞ்சா மூட்டையில் இலையையும் குச்சியையும் எப்படிக் கணக்கிடுவது என்ற வாதம் உயர் நீதிமன்றங்களில் ஜாமீன் மனுக்களில் வந்துகொண்டேதான் இருக்கு.

நௌகாவ் அதிகாரி காம்பின் எடைக்காக வரியைக் குறைத்தார். இன்றைக்கு மூட்டை தூக்கிக் கொண்டுபோய் மாட்டுகிறவர் பெரும்பாலும் சரக்கின் முதலாளி இல்லை, கூலிக்குச் சுமந்தவர். அவருடைய வக்கீல் நீதிபதி முன்னால் எழுந்து நின்று முதலில் கேட்கிற கேள்வி: குச்சியோடவா எடை போட்டீங்க, குச்சி இல்லாமலா?