பிரிண்டருக்கு மூக்கடைப்பு

போன மாசம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு தங்கச்சி வந்து நின்னா. "அண்ணா, நாளைக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் குடு." வீட்டுல இங்க்ஜெட் இருக்கு, டேங்க்ல மை இருக்கு. ஆனா தாள் வெள்ளையா உள்ள போய் வெள்ளையாவே வெளிய வருது. மூணு தடவை க்ளீனிங் ஓட்டியும் கறுப்புல பாதிக் கோட்டைக் காணோம். விடியக்காலைல பிரவுசிங் சென்டர்காரரை எழுப்பி எடுத்தது தனிக்கதை. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துட்டு, "ஹெட் போச்சு சார், மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்"னுட்டார்.

பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு இது மானப்பிரச்சினை இல்லையா? ஹெட் ஏன் அடைக்குதுன்னு தோண்டப் போனா, அது நூத்தம்பது வருஷம் பின்னால இழுத்துட்டுப் போயிருச்சு.

1867-ல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) கடலடித் தந்திக்காக ஒரு கருவி செய்தார். கேபிளில் வரும் சிக்னல் ரொம்ப பலவீனம். பேனா காகிதத்தைத் தொட்டாலே உராய்வில் நின்றுவிடும். அதனால் மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து, மின்னூட்டத்தின் விசையால் மையைக் காகிதத்தில் தெறிக்க வைத்தார். தொடாமல் எழுதும் யோசனை அங்கேயே வந்தாச்சு. 1951-ல் ஸ்வீடனின் ரூனே எல்ம்க்விஸ்ட் மைத்தாரையால் வரைபடம் வரையும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். இதயத் துடிப்பைப் பதிய அது பயன்பட்டது. 1958-ல் உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கரைச் செய்தவரும் இவர்தான். என்ன மனுஷன்!

1960-களில் ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் ஸ்வீட், மைத்தாரையை ஒரே அளவுத் துளிகளாக உடைத்து, மின்னூட்டம் கொடுத்து, வேண்டிய இடத்துக்குத் திருப்பினார். வேண்டாத துளிகள் ஒரு சாக்கடையில் விழுந்து மறுபடி தொட்டிக்கே போகும். தண்ணி பாட்டில்ல தேதியும் விலையும் அடிக்கிறது இன்னைக்கும் இந்த வகைதான். ஓட்டம் நிக்காத வரைக்கும் மை காயறதுக்கு நேரம் கிடைக்காது.

வீட்டுக்கு இந்தப் பம்பும் சாக்கடையும் சரிப்படாதே? தேவைப்படும்போது மட்டும் துளி வரணும். வினை இங்கதான் ஆரம்பம். துளி கேட்காத நேரமெல்லாம் மை, முடியைவிட மெல்லிய ஓட்டையின் வாயில் காற்றைப் பார்த்தபடி நிற்கிறது. தண்ணீர் ஆவியாகப் போக, சாயம் தங்கிவிடுகிறது.

1977-ல் ஜப்பானில் கேனான் ஆய்வகத்தில், மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டு மை பீறிட்டதாம். பபிள் ஜெட் பிறந்த கதையாக அந்த கம்பெனி சொல்வது இது. கொஞ்ச நாளிலேயே அமெரிக்காவில் எச்பியின் ஜான் வாட்டும் தனியாக அதே வழிக்கு வந்தார். சூட்டில் சட்டென்று ஒரு குமிழி ஊதி, மையை வெளியே தள்ளும்.

1984-ல் எச்பி விட்ட திங்க்ஜெட்டில் பன்னிரண்டே ஓட்டைகள். அடைப்புக்கு அவங்க கண்ட வைத்தியம், ஹெட்டையே கார்ட்ரிட்ஜோட சேர்த்துத் தூக்கிப் போடறது! பொறியாளனா இதை ரசிக்கிறேன். குப்பையை நினைச்சா வயிறு எரியுது. எப்சன் வேற பாதை. 1993-ல் வந்த அவங்க ஸ்டைலஸ் 800-ல் சூடே கிடையாது. மின்சாரம் பட்டால் வளையும் பீசோ துண்டு மையை அழுத்தும். ஹெட் நிரந்தரம். ஆனா அடைச்சா அதுவும் நம்ம தலைல நிரந்தரம்.

என்னோடது ஹெட் நிரந்தர வகை. வேலை முடிஞ்சதும் ஹெட் போய் ஒரு ரப்பர் மூடி மேல உட்காரணும், காத்து படக்கூடாது. பிரிண்டரோட சொந்த பட்டனை அமுக்கினாத்தான் அது ஒழுங்கா நடக்கும். எங்கப்பா "கரண்டு வீணாகுதுடா"ன்னு பாதி வழியிலேயே சுவர் சுவிட்சை அணைக்கிற ஆள். அவர்கிட்ட வரலாறு சொன்னேன். முறைச்சார்.

பெட்ரோல் பங்க்ல பேட்டரி தண்ணி வாங்கி, ஊசியில்லாத சிரிஞ்சால அந்த மூடிக்குள்ள சொட்டு சொட்டா விட்டு, ஹெட்டை அதுமேல ராத்திரி முழுக்க ஊறவெச்சேன். அழுத்தி ஏத்தலை, ஹெட் கிழிஞ்சுடும். ரெண்டாவது காலைல கறுப்பு முழுசா வந்துருச்சு. தங்கச்சி சும்மாவே அந்த ஹால் டிக்கெட்டை இன்னொரு தடவை அடிச்சுப் பார்த்தா. மஞ்சள்ல மட்டும் இன்னும் ஒரு கோடு வரலை. இன்னைக்கு ராத்திரியும் ஊறட்டும்.