பாரதப்புழைச் சீமையில் ஒரு தண்ணீர் வழக்கு

சுவர்போல் நீண்டு நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே ஒரு வாசல் விட்டிருக்கிறது. அவ்வாசலில், கோவை மாவட்ட எல்லையை ஒட்டியிருப்பது வேலந்தாவளம். சோதனைச் சாவடியைக் கடந்தால் ஆட்சி மாறுகிறது. பேச்சு அவ்வளவாக மாறுவதில்லை. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இத்தகைய எல்லையூர்களின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த இச்சித்தூர் வட்டாரம் 1956-இல் கேரளத்துள் அடங்கிற்று. கேரளம் என்றதும் ஓயாத மழை நினைவுக்கு வரும். இதுவோ மழைமறைவுப் பிரதேசம். கோரையாறும் சித்தூர்ப்புழையும் இங்குள்ள நீரை மேற்கே கொண்டுசெல்ல, அது பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலை அடைகிறது. கோடையில் உழவர்க்குத் துணை கிணறுதான்.

இவ்வட்டத்தின் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்தது பிளாச்சிமடை. அங்கே 2000-ஆம் ஆண்டில், ஊராட்சியின் உரிமம் பெற்று, கோகோ கோலா நிறுவனத்தின் ஆலை எழுந்தது. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீர் இறைக்கப்பட்டது. ஈராண்டுக்குள் அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றின என்றும், எஞ்சிய நீரில் பருப்பும் வேகவில்லை என்றும் மக்கள் முறையிட்டனர். குடத்துடன் நெடுந்தூரம் நடந்தவர்கள் பெண்களே.

கழிவுநீரைச் சுத்திகரிக்கிறோம் என்றது ஆலை. ஆனால் கழிவிலுள்ள உலோகத்தை எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் அழிப்பதில்லை. நீரினின்று பிரித்துக் கசடில் சேர்க்கிறது, அவ்வளவே. அந்தக் கசட்டுக்கும் ஓர் இடம் வேண்டுமன்றோ? இங்கே அது எரு என்று உழவர்க்கு அளிக்கப்பட்டது! 2003-இல் பிரிட்டிஷ் வானொலியான பி.பி.சி. அதைச் சோதிக்கச் செய்தபோது காட்மியமும் ஈயமும் இருப்பது வெளிப்பட்டது. வானொலி நேயர்களாகிய நாம் இதை நினைவிற்கொள்ளலாம். தீங்கில்லை என்று நிறுவனம் மறுத்தது. வயலில் இட்டது மழையோடு இறங்கிக் கிணற்றைச் சேரும் என்பதை உழவர்க்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்னரே, 2002 ஏப்ரல் 22 அன்று, ஆலையின் எதிரே பந்தலிட்டுப் போராட்டம் தொடங்கியிருந்தது. முன்னின்றவர்களுள் ஒருவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கொடுத்த கையே மறுத்ததுதான் இவ்வரலாற்றில் நாம் மிகவும் மதிக்கும் செயல். வருவாயை இழக்க ஒரு சிற்றூராட்சி துணிவது எளிதன்று.

அவ்வாண்டு டிசம்பர் 16-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலனே எனத் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று மாற்றிற்று. ஆயினும் உற்பத்தி மீளவில்லை. மயிலம்மா 2007-இல் காலமானார்.

2010-இல் ஓர் உயர்நிலைக் குழு நஷ்டத்தைச் சுமார் 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. ஈட்டுத்தொகைக்கென நடுவர்மன்றம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக அது டில்லி சென்றது, ஒப்புதல் கிடைக்கவில்லை.