கோலார் வட்டாரத்துப் போர்வாண நினைவிடங்கள்

கோலார் நகரிலுள்ள மக்பரா, கோலார் தங்கவயலுக்கு அணித்தான பூதிக்கோட்டை, மேற்கே சற்றுத் தொலைவிலுள்ள தேவனஹள்ளி ஆகிய மூன்று ஸ்தலங்களும், இரும்புக் குழல் பூண்ட போர்வாணத்தை யுத்த சரித்திரத்தில் ஸ்திரமாக நிலைநாட்டிய ஐதர் அலி, திப்பு சுல்தான் என்னும் மைசூர் அதிபதிகளின் குடும்பத்தோடு நெருங்கிய சம்பந்தம் உடையவை. இவற்றுள் உத்தியான ரூபத்தில் அமைந்தது தேவனஹள்ளி நினைவிடம் ஒன்றே. எனினும் வாணவித்தையின் வம்சாவளியை அறிய விரும்புவோர் கோலாரிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

கோலார் மக்பராவில் அடக்கமாகியிருப்பவர் ஐதரின் தந்தையாகிய பத்தே முகம்மது. ஆர்க்காட்டு நவாபின் சேனையில் மூங்கில் வாணங்களை ஏவும் ஐம்பது வீரர்களுக்குத் தலைமை வகித்த இவர், பின்னர் சீரா நவாபிடம் உத்தியோகம் ஏற்றுப் பூதிக்கோட்டையை ஜாகீராகப் பெற்றார். மார்க்கண்டேய நதிக்கரையில், பங்காருப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த அச்சிற்றூரில்தான் 1720ஆம் ஆண்டை ஒட்டி ஐதர் பிறந்தார். 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே பாசறையில் அவர் மரணமடைந்தபோது, பூதவுடல் முதலில் கோலாருக்குக் கொண்டுவரப்பட்டுத் தந்தையின் சமாதி ஸ்தலத்தில் வைக்கப்பட்டு, பிற்பாடே ஸ்ரீரங்கப்பட்டணத்திலுள்ள கும்பஸ் என்னும் சமாதி மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. யாத்திரிகர் கூட்டம் முழுவதும் கும்பஸை நோக்கியே செல்வதால், வாணப் படையை நடத்திய மூதாதையின் சமாதி உள்ளூர்க்காரர் மட்டும் அறிந்த இடமாக ஒதுங்கிப்போயிற்று என்பது வருந்தத்தக்கதே.

வாணம் என்பது ஐதர் கண்டுபிடித்த பொருளன்று; சீன தேசத்திலும் ஐரோப்பாவிலும் அதற்கு முன்னரே அது வழக்கில் இருந்தது. ஆயின் அங்கெல்லாம் காகிதத்தாலோ மூங்கிலாலோ செய்யப்பட்ட கூட்டினுள் மருந்தை அழுத்திக் கிட்டித்தால் கூடே பிளந்துபோகும் ஆதலின், அதன் வேகமும் தூரமும் ஓர் எல்லைக்குள் அடங்கியே நின்றன. மைசூர்க் கொல்லர்களோ தகட்டிரும்பை அடித்துக் குழலாக்கி, ஒரு முனையை மூடி, மறுமுனையில் புகைபோக்கித் துவாரம் விட்டுச் செய்தமையால், உள்ளெழும் வாயுவின் அழுத்தத்தை அக்குழல் தாங்கிக்கொள்ள, வாணம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வரை பாய வல்லதாயிற்று. இங்கிலாந்தில் ஊல்விச் பீரங்கிக் காட்சிச்சாலைக்குச் சென்று சேர்ந்த மாதிரிகளுள் ஒன்று, 10 அங்குல நீளமும் 2.3 அங்குலக் குறுக்களவும் உடைய குழலை 3 அடி 4 அங்குல நீளமுள்ள நேர்வாளோடு தோல்வாரால் இறுகக் கட்டியது. மற்றொன்றில் வாளுக்குப் பதிலாக 6 அடிக்கு மேற்பட்ட மூங்கிற் கழி பிணைக்கப்பட்டுள்ளது. வாள் கட்டிய வாணம் விழும் இடத்தில் சுழன்று சுழன்று வெட்டும் என்பதை எண்ணினால், அக்காலத்துச் சிப்பாய் கொண்ட பீதியை ஒருவாறு ஊகிக்கலாம்.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை மைசூர்ச் சேனையால் நிர்மூலமாயிற்று. அவருடைய வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததற்கு வாணமே காரணம் என்பது பரவலான கருத்து. 1799 ஏப்ரல் 5ஆம் தேதி இரவில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பில் புகுந்த ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லியின் 33ஆம் ரெஜிமெண்ட், வாணமும் துப்பாக்கிக் குண்டும் இருளில் ஒருங்கே வந்து தாக்க, குழப்பமுற்றுப் பின்வாங்கியது. மே 4 அன்று கோட்டை வீழ்ந்து, மைசூர் எல்லைகள் புதிதாக வரையறுக்கப்பட்டபோது, அளவைப் பணிக்கு வந்த லெப்டினண்ட் ஜான் வாரன் இதே 33ஆம் ரெஜிமெண்டைச் சார்ந்தவர். 1802இல் உரிகம், மாரிக்குப்பம் பகுதிகளில் கிராமவாசிகள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதை அவர் விசாரித்து எழுதிய அறிக்கையே, நெடுங்காலம் கழித்துத் தங்கவயல் தோன்றுதற்கு மூலம். தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறிய அந்நகரத்தின் உற்பத்திக்கும் வாணப்போரின் முடிவுக்கும் இங்ஙனம் ஒரு தொடர்பு உண்டு.

தேவனஹள்ளிக் கோட்டையை மைசூர்ச் சேனை 1749இல் முற்றுகையிட்டபோதுதான் ஐதரின் வீரம் முதன்முதலில் கவனத்துக்கு வந்தது. மறு ஆண்டு நவம்பர் 20 அன்று திப்பு அங்கே பிறந்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட தேதி. காஸ்பாக் எனப்படும் பழைய தோட்டப் பகுதியில், ஆள் உயரத் தூண்களையுடைய சிறு மண்டபமும், பிறப்பிடம் இதுவென அறிவிக்கும் கல்வெட்டுப் பலகையும் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இச்சின்னம், ஆடம்பரம் எதுவுமின்றி, அவசரமாகச் செல்வோர் கண்ணுக்குப் புலப்படாத அளவு எளிமையானது.

மைசூரில் கைப்பற்றப்பட்ட வாணங்களை ஆராய்ந்தே இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டை உருவாக்கினார். 1807இல் கோபன்ஹேகன் நகரம் எரிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தில் திப்புவின் வாணப்படையைச் சித்திரித்த ஓவியம் ஒன்றைத் தாம் கண்டு வியந்ததாக, 1963இல் பயிற்சிக்குச் சென்ற அப்துல் கலாம் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். அக்கலாமுக்கோ, ராமேசுவரத்தை அடுத்த பேய்க்கரும்பில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த மணிமண்டபம் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. ராக்கெட் மாதிரிகளையே அங்கு நேரிற் காணலாம். மைசூர் வாணங்களைக் காண விழைவோர் சிவமொக்காவுக்குச் செல்லவேண்டும்: அம்மாவட்டத்து நகரா என்னும் ஊரில், 2018இல், பாழுங்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழல்கள் மருந்து நிரம்பிய நிலையிலேயே வெளிப்பட்டன.